ஒரு நாள் முன்னதாகக் கொடுத்த மருந்து

கதவைத் திறப்பதற்கு முன் அக்கா இரண்டு தட்டுத் தட்டுவார். உள்ளே ஆள் யாரும் இல்லை. முப்பத்தேழு டிகிரிச் சூடுள்ள பெட்டிக்குள், சின்னத் தட்டுகளில் ஊற்றிய இளஞ்சிவப்புத் திரவத்தில், மனித நுரையீரல் செல்கள் வளர்கின்றன. "சொல்லாமக் கொள்ளாம நுழைஞ்சா அதுங்களுக்குக் கோபம் வராதா?" என்பார். சூடு அரை டிகிரி இறங்கினாலும், அந்தத் தளத்தில் கருவிகளைப் பழுதுபார்க்கும் என்னிடம் ஓடி வருவார். "என் பிள்ளைங்களுக்குக் குளிருது, சீக்கிரம் வாங்க."

ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா. ஒன்பது வருடமாக ஒரே மருந்தோடு மல்லுக்கட்டுகிறார். அது வைரஸைக் கொல்லாது. செல்லுக்குள் தூங்கிக் கிடக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் என்கிற ஆக்ஸிஜனேற்றத் தடுப்புக் காவலை எழுப்பிவிடும். "வைரஸ் கொளுத்திப் போட்டுடும். எரியறது நம்ம வீடு. அணைக்கிற தண்ணியும் வீட்டுக்குள்ளயேதான் இருக்கு, குழாயைத் திறந்துவிடணும்." என் மண்டைக்கும் ஏறும்படி விளக்கியவர் அவர் ஒருவர்தான். கடையில் விற்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் ஜூஸை யாராவது பெருமையாகக் காட்டினால், "குடிங்க, பாட்டில் காலியாகும்" என்று சொல்லி நகர்ந்துவிடுவார்.

அவருடைய சோதனைகளில் செல்கள் அழகாகப் பிழைத்தன. பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது. அதை வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்தவர் அவருடைய தங்கை.

தங்கைக்குக் காய்ச்சல் வந்தபோது அக்கா வெளியூர்க் கருத்தரங்கில் இருந்தார். மூன்று நாள் வீட்டிலேயே சமாளித்துவிட்டு, நான்காம் நாள் தங்கை மூச்சிரைக்கப் போன் செய்தார். "எனக்கென்னக்கா பயம்? உன் மருந்து இருக்குல்ல?" அக்கா அடித்துப்பிடித்து மருத்துவமனையில் சேர்க்கச் சொன்னார். எட்டாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

பிறகுதான் என்னிடம் சொன்னார், ஒரு நாள் பெட்டியின் விசிறியை நான் மாற்றிக்கொண்டிருந்தபோது. "எல்லாத் தட்டுலயும் மருந்தை முத நாளே ஊத்திட்டு, மறுநாள்தான் வைரஸை விட்டேன். அப்படித்தான் செய்வோம், எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க. நோய் வர்றதுக்கு முந்தின நாள் எந்த மனுஷன் ஆஸ்பத்திரிக்கு வருவான்? இது எனக்குத் தோணவே இல்லையே." இறுகிவிட்ட ஸ்குரூவையே மறுபடி முறுக்கிக்கொண்டிருந்தேன்.

இப்போது வைரஸ் விட்டு இரண்டு நாள் கழித்துத்தான் மருந்து கொடுக்கிறார். பத்துத் தட்டில் மூன்றுகூடத் தேறுவதில்லை. தேறாதவற்றைக் கொட்டிவிட்டுப் புதுத் தட்டுகளை எடுப்பார். விடுவதாக இல்லை.

போன வாரம் பார்வையாளர்கள் வந்தார்கள். தாழ்வாரச் சுவரில் அக்காவின் பழைய வரைபடம் ஆளுயரத்துக்கு ஒட்டியிருக்கிறது: 'கடும் வைரஸ் நிமோனியாவில் உயிர்காக்கும் மருந்து.' இயக்குநர் அதைக் காட்டிப் பெருமையாகப் பேசி வெளுத்து வாங்கினார். கூட்டத்தில் ஒரு பெண் கேட்டார், "எங்க வீட்ல யாருக்காவது முடியாமப் போனா இங்க கூட்டிட்டு வரலாமா சார்?"

"கூடிய சீக்கிரம்" என்று இயக்குநர் சிரித்தார்.

ஓரமாக நின்றிருந்த அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்து, வரைபடத்தின் கீழே எழுதினார்: 'மருந்து ஒரு நாள் முன்பே கொடுக்கப்பட்டது.' வழவழப்பான தாளில் மை சரியாகப் பிடிக்கவில்லை. அதே எழுத்துகளின் மேல் மறுபடியும், அழுத்தி எழுதினார்.