என் பெயரில் பேசுகிறவர்கள்

அடுத்த வாரம் ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்கிறேன். சொந்த நம்பர் வேண்டும் என்றார்கள். இதுவரை அம்மாவின் நம்பர்தான்.

இன்று கிள்ளானில் சிம் வாங்கப் போனேன். கடைக்கார அண்ணன் என் ஐசி அடையாள அட்டையைக் கணினியில் பதிந்து பார்த்தார்.

"தங்கச்சி, உங்க பேர்ல ஏற்கெனவே நெறைய நம்பர் இருக்கே. இதுக்கு மேல முடியாதுலா."

"நான் ஒண்ணுகூட வாங்கலண்ணே."

"ஐசி படம் யாருக்காச்சும் அனுப்புனீங்களா?"

போன மாதம் வாட்ஸ்அப்பில் வேலை தருவதாகச் சொன்ன ஒருவருக்கு முன்பக்கமும் பின்பக்கமும் அனுப்பியிருந்தேன்.

"குறுக்க கோடு போட்டு, எதுக்குன்னு எழுதலையா?"

போட்டோஸ்டேட் எடுத்தால், வேறு எதற்கும் யாரும் பயன்படுத்த முடியாதபடி அம்மா அப்படி எழுதித்தான் கொடுப்பார். போனில் எடுத்த படத்துக்கும் அது வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"மொதல்ல போலீஸ் ரிப்போர்ட் போடுங்க."

ஆள் எதிரே இருந்தால் எனக்குச் சரளமாகப் பேச்சு வராது. பள்ளியைப் பாதியில் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். நாளை போலீஸ் நிலையத்தில் நானேதான் பேச வேண்டும்.

அந்த நம்பர்களிலிருந்து என் பெயரைச் சொல்லி யாராவது உங்களை அழைத்து, தயங்காமல் நிறையப் பேசினால், நிச்சயம் அது நான் இல்லை. 'நான்' என்ன பேசினேன் என்று மட்டும் இங்கே கமெண்டில் சொல்லிவிடுங்கள்.