அரக்கு வைத்த ஸ்பேனர் பெட்டி

பசங்களா, காலேஜில் உங்கள் கூட்டாளிகள், "உங்கப்பா சண்டையில எத்தினி பேரைச் சுட்டாரு?" என்று கேட்டதாகச் சொன்னீர்கள். நான் யாரையும் சுடவில்லை. கார்கில் சண்டை நடந்தபோது, குண்டு போடும் விமானம் ஒன்றுக்குக் கீழே நின்று வேலை பார்த்த மெக்கானிக் நான். அவ்வளவுதான். ஆனால் அந்த வேலையிலும் ஒரு பயம் உண்டு. அதை எழுதி வைக்கிறேன்.

நம் வீட்டில் போலத் தறியில் உட்கார்ந்தவனுக்கு ஒரு வசதி இருக்கிறது. புடவையைத் திருப்பிப் பார்த்தால் எங்கே இழை அறுந்தது, யார் போட்ட முடிச்சு என்று தெரிந்துபோகும். விமானம் அப்படி இல்லை. நான் முடுக்கிய நட்டையெல்லாம் எடுத்துக்கொண்டு அது போய்விடும். திரும்பி வந்தால்தான் என் வேலை சரி.

எங்கள் சார்ஜென்ட் வேலூர்ப் பக்கத்து ஆள். நான் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் தடவிப் பார்ப்பதைக் கண்டு, "ஏம்பா காஞ்சிபுரம், முகூர்த்தப் புடவை மாதிரி தொட்டுத் தொட்டுப் பாக்கிறியே, இது பறக்கணும்பா" என்பார்.

எங்கள் ஸ்பேனர் பெட்டிக்குள் ஒவ்வொரு சாமானுக்கும் அதன் உருவத்திலேயே ஒரு குழி வெட்டியிருக்கும். விமானம் நகர்வதற்கு முன் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். ஒரு குழி காலியாக இருந்தாலும் விமானம் நகராது. உள்ளே மறந்து விட்ட சின்ன ஸ்பேனர் உருண்டுபோய் எங்காவது சிக்கினால், ஓட்டுகிறவரால் விமானத்தைத் திருப்ப முடியாது.

அன்று விடிந்ததும் எங்கள் விமானமும் இன்னொன்றும் சேர்ந்து கிளம்பின. பெட்டியைப் பார்த்தோம், மூடினோம். ஏணியில் ஏறி விமானிக்கு வார்களை மாட்டியது நான். பறக்குமுன் கழற்ற வேண்டிய பாதுகாப்புப் பின்களை உருவித் தூக்கிக் காட்டினேன். அவர் எண்ணிப் பார்த்துத் தலையாட்டினார். போனார்.

கூடப் போனது திரும்பி வந்தது. எங்களுடையது வரவில்லை. மேகத்துக்குள் நுழைந்தபிறகு பார்க்கவில்லை, ரேடியோவிலும் பதில் இல்லை என்றார் அதை ஓட்டியவர். அந்த விமானத்து மெக்கானிக்குகள் எங்கள் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்தார்கள்.

மத்தியானம் ஓர் அதிகாரி வந்து எங்கள் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, அரக்கு முத்திரை வைத்து எடுத்துப்போனார். விமானம் வராவிட்டால் அப்படிச் செய்வது வழக்கம். குற்றம் சொல்வது அல்ல. ஆனால் பெட்டி கண்ணை விட்டு மறைந்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சின்ன பிளையர் அதன் குழியில் இருந்ததா? இருந்ததைப் பார்த்தேன். ஆனால் பார்த்தது இன்றைக்கா, நேற்றைக்கா? தினமும் பார்ப்பதால் எல்லா நாளும் ஒன்றாகவே தெரிந்தது.

அடுத்தவர் பெட்டியை வாங்கி வேறு விமானங்களுக்கு வேலை செய்துகொண்டிருந்தேன். அப்போதுதான் கல்யாணமாகியிருந்த உங்கள் அம்மாவிடம் ஐயம்பேட்டையில் பக்கத்து வீட்டு போனில் பேசினேன். மாகறல் கோயிலில் எனக்காக விளக்கு போட்டுவிட்டு வந்திருந்தாள். "நீ கீழதான இருந்துக்கினு இருக்கிற? மேல போவலியே?" என்று கேட்டாள். கீழேதான் இருக்கேன்மா என்றேன். விமானம் வராததைச் சொல்லாமல் போனை வைத்தேன்.

விசாரணைக்கு வந்தவர்கள் எங்கள் முன்னால் அரக்கை உடைத்தார்கள். பிளையர் அதன் குழியில் கிடந்தது. எல்லாம் இருந்தது. ஆனாலும் ஸ்பேனர் பெட்டியில் இருப்பதால் நட்டு இறுகியிருந்தது என்று ஆகுமா? நம் படை விமானம் விழுந்த மலைமுகட்டுக்குப் போய்ச் சேர்ந்து, உடைந்து கிடந்ததைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. சார்ஜென்ட் என்னைத் தேடி வந்து தோளைப் பிடித்தார்.

"எதிரி ஏவுகணைதான்பா. உன் கையில தப்பு ஒண்ணும் இல்ல."

அன்று ராத்திரி மெஸ்ஸில் வயிறு நிறையச் சாப்பிட்டேன். இரண்டாம் தரம் சோறு வாங்கினேன். வாங்கிய பிறகுதான், விமானி செத்தது உறுதியான நாளில் எனக்குப் பசிக்கிறதே என்று உறைத்தது. அந்தச் சோற்றை வீணாக்கவும் மனசு வரவில்லை. சாப்பிட்டு முடித்தேன்.

சில நாள் கழித்து விமானியின் அப்பா வந்தார். வடக்கே ஏதோ ஊர்க்காரர், தலைப்பாகை கட்டிய பெரியவர். மகனைக் கடைசியாக உட்கார வைத்தவன் யார் என்று கேட்டிருக்கிறார். என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள்.

"கடைசியா என்ன சொன்னான்?" என்று இந்தியில் கேட்டார்.

பெரிதாக ஏதாவது சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நாட்டைப் பற்றி, அம்மாவைப் பற்றி. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் நடந்ததையே சொன்னேன்.

"இடது தோள் வார் இறுக்குது, கொஞ்சம் தளர்த்துன்னாருங்க."

"தளர்த்தினியா?"

"தளர்த்தினேங்க."

எவ்வளவு என்று கேட்டார். இரண்டு விரலை ஒன்றாகச் சேர்த்து, வாருக்கும் தோளுக்கும் நடுவில் இவ்வளவு என்று காட்டினேன். அவர் தன் சட்டைத் தோளில் இரண்டு விரலை அதேபோல வைத்துப் பார்த்தார். "சரியாத்தான் இருந்திருக்கும்" என்றார்.