காத்திருக்கும் நேரம்: பூஜ்யம்

சிதம்பரத்தில் ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால் எட்டரைக்குள் சிப்காட் தொழிற்பேட்டை நிறுத்தத்தில் இறங்கிவிடலாம். இறங்கியதும் முதலில் வருவது வாடைதான். எந்த ஆலையின் வாடை என்று அங்கே வேலை செய்பவர்கள் சொல்லிவிடுவார்கள். எனக்கு அந்தப் பழக்கம் வரவில்லை. மாதத்தில் இரண்டு மூன்று நாள்தான் போவேன்.

நான் வேலை பார்த்த சிறிய மென்பொருள் நிறுவனம் அங்கே ஒரு ரசாயன ஆலைக்கு வாயுக் கசிவைக் காட்டும் ப்ரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தது. தொட்டிகளின் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர், காற்றில் எவ்வளவு வாயு இருக்கிறது என்று அளந்துகொண்டிருக்கும். கண்ட்ரோல் ரூமில் இருக்கும் கம்ப்யூட்டர் அந்த அளவைக் கேட்டு வாங்கித் திரையில் காட்டும். இரண்டுக்கும் நடுவே கேள்வியையும் பதிலையும் கொண்டுபோனது கோர்பா என்ற இடைநிலை மென்பொருள். அதற்குச் சொல்ல வேண்டியதை ப்ரோகிராமைத் தொடங்கும் கட்டளை வரியிலேயே எழுதிவிடலாம். அடுத்த கம்ப்யூட்டரின் முகவரி என்ன, பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கலாம், இப்படி. காத்திருக்கும் நேரத்துக்கு நான் ஐயாயிரம் என்று எழுதியிருந்தேன். ஐயாயிரம் மில்லி விநாடி, அதாவது ஐந்து நொடி. அதற்குள் பதில் வராவிட்டால் திரை முழுக்கச் சிவந்து 'தொடர்பு இல்லை' என்று வரும்.

அந்தக் காற்றில் கேபிள் முனைகள் சீக்கிரமே பச்சை பூத்துவிட்டன. பதில் தாமதமாகி, திரை மணிக்கு மூன்று தடவை சிவந்தது. சிவந்தால் தொட்டியிலிருந்து ரசாயனம் இறைக்கும் பம்ப்பை நிறுத்தவேண்டும் என்பது விதி. ஷிப்டில் இருந்த எல்லோரும் புகார் சொன்னார்கள். நான் ஐந்து நொடியை இருபது ஆக்கினேன். அப்படியும் சிவப்பு வந்தது. எங்கள் டீம் லீடருக்கு போன் செய்தேன். கேபிள் மாற்றும்வரை பூஜ்யம் போட்டு வைக்கச் சொன்னார். இன்னும் இரண்டு ஆலைகளில் அவரே அப்படித்தான் போட்டிருப்பதாகவும் சொன்னார்.

பூஜ்யம் என்றால் காத்திருக்காதே என்று அர்த்தம் இல்லை. பதில் வரும்வரை, எவ்வளவு நேரமானாலும், காத்திருந்துகொண்டே இரு என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். தெரிந்தே போட்டேன். கேபிள் மாற்றியதும் வந்து திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கேபிளை யாரும் மாற்றவில்லை. நானும் மறந்துபோனேன்.

நாலு மாதம் கழித்து, ஐப்பசியில், வேறொரு சின்ன வேலைக்காக அங்கே போனேன். வானம் மூடியிருந்தது, காற்றே இல்லை. கண்ட்ரோல் ரூமில் வழக்கமான ஆபரேட்டர் இருந்தார். நாற்பது வயதுக்காரர், ஆலையின் பின்சுவரை ஒட்டிய ஊர்தான் அவருக்கு. மணிக்கு ஒரு தரம் திரையைப் பார்த்து நோட்டில் அளவை எழுதுவது அவர் வேலை. எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும்.

பதினொன்றரை மணிவாக்கில் மேஜை போன் அடித்தது. அவர் மனைவி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கண் எரிகிறதாம், எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். சின்னவள் வாந்தி எடுத்தாளாம். அவர் பதறவில்லை.

"நம்முளுது இல்ல. நான் ஸ்கிரீன பாத்துகிட்டுதான் இருக்கேன், பாயிண்ட் நாலுதான் இருக்குது. பக்கத்து கம்பெனியா இருக்கும். கதவ சாத்திகிட்டு உள்ளயே இருங்க."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். எனக்கு ஏனோ அந்த நோட்டைப் பார்க்கவேண்டும் போல இருந்தது. ஏழு மணிக்கு பாயிண்ட் மூன்று. எட்டுக்கு பாயிண்ட் நாலு. ஒன்பதுக்கு பாயிண்ட் நாலு. பத்துக்கும் பதினொன்றுக்கும் அதே.

"காலையிலேர்ந்து ஒரே நம்பரா சார்?"

"ஆமா மேடம். இன்னிக்கு ஆடவே இல்ல."

திரையின் மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அது தனியாக ஓடும்படி எழுதியவள் நான்தான். அளவு மட்டும் எட்டு மணிக்குக் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் வராமல் அப்படியே நின்றிருந்தது. ப்ரோகிராமை மூடினேன். கட்டளை வரியில் பூஜ்யத்தை அழித்து ஐயாயிரம் என்று அடித்து மறுபடி தொடங்கினேன். ஐந்து நொடி. திரை சிவந்தது.

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பம்ப்பை நிறுத்தினார், சைரனை அழுத்தினார், பிறகு வீட்டுக்கு போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

தொட்டியிலிருந்து வரும் குழாயின் இணைப்பில் கசிவு. தொட்டிப் பக்கத்துக் கம்ப்யூட்டர் காலையிலேயே உறைந்துபோயிருந்தது. அங்கே வேலை செய்த ஒப்பந்தத் தொழிலாளர் இரண்டு பேரையும் ஊரிலிருந்து பிள்ளைகள் சிலரையும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். யாரும் சாகவில்லை. அவருடைய சின்ன மகளுக்கு மட்டும் இரைப்பு தங்கிவிட்டது, போகவில்லை. ஆலையின் அறிக்கையில் கம்ப்யூட்டர் பழுது என்று எழுதினார்கள். கட்டளை வரியைப் பற்றி நான் வாயைத் திறக்கக்கூடாது என்று டீம் லீடர் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து மருத்துவமனை வராந்தாவில் ஆபரேட்டரைப் பார்த்தேன். மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். நான் போட்ட பூஜ்யத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். என்னை அடித்தால்கூட வாங்கிக்கொள்ளும் மனநிலையில்தான் இருந்தேன்.

"என்னாத்துக்கு அப்பிடிப் போட்டீங்க?"

"செவப்பு ஜாஸ்தியா வருதுன்னு எல்லாரும் சொன்னாங்க சார்."

"நானும்தான் சொன்னேன்" என்றார். பிறகு கேட்டார், "இந்த மாதிரி வேற எங்கயாச்சும் போட்டு வச்சிருக்கீங்களா?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. டீம் லீடரிடம் மற்ற இரண்டு ஆலைகளைப் பற்றிச் சொன்னேன். பார்க்கலாம் என்றார். அடுத்த வாரமும் பார்க்கலாம் என்றார். வேலையை விட்டேன். அதற்கப்புறம் ஒருநாள் நானே கிளம்பிப் போனேன். முதல் ஆலையில் என்னைத் தெரிந்த ஒருவர் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறி, உடனே உள்ளே கூட்டிப்போனார். பத்து நிமிட வேலை.

இரண்டாவது ஆலையில் வாசலைத் தாண்டவே முடியவில்லை. நான் இப்போது அந்த நிறுவனத்தின் ஆள் இல்லையாம். செக்யூரிட்டி அறையிலேயே ஒரு தாள் வாங்கி, எந்த வரியில் எதை அழித்து எதை எழுதவேண்டும், மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். காவலாளி அதை இரண்டு தடவை படித்தார்.

"இத யாருகிட்டம்மா குடுக்கணும்?"

கண்ட்ரோல் ரூமில் யாரிடமாவது, என்றேன். அவர் தாளை நாலாக மடித்து, வருகைப் பதிவேட்டுக்கு அடியில் வைத்தார். பின்னால் லாரி ஒன்று ஹாரன் அடித்தது. அவர் கேட்டைத் திறக்கப் போய்விட்டார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். லாரிக்குப் பின்னால் இன்னொரு லாரி வந்தது.