சித்தி கை கழுவிய கதை

நான்கு வருடம் ஊர் சுற்றிவிட்டு வந்த எனக்கு முதலில் கண்ணில் பட்டது சித்தியின் கைகள்தான். விரல் இடுக்கெல்லாம் சிவந்து வெடித்து நீர் கசிந்தது. பதினோரு வருடமாக ஒரு பியூட்டி பார்லரில் தலை அலசிவிடும் கைகள் அவை. அவற்றைப் பார்த்து ஒரு பெண் பாதி அலசிய தலையோடு எழுந்து போய்விட்டாளாம். மாதக் கடைசிக்குள் ஆறாவிட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்று மேடம் சொல்லியாயிற்று.

சித்தியும் சும்மா இருக்கவில்லை. ஆயுர்வேத வைத்தியர் கரப்பான் என்று எண்ணெய் கொடுத்துக் கத்தரிக்காயை நிறுத்தியிருந்தார். தோல் டாக்டர் எக்ஸிமா என்று களிம்பு எழுதியிருந்தார். ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் சித்தி மூச்சு விடவில்லை. இரண்டும் ஒரே நோய்தான் என்றேன்.

"அப்புறம் எதுக்குடி ரெண்டு பேரு?"

ஒரு ஞாயிறு முழுக்கக் கூடவே இருந்து பார்த்தேன். கிருமிநாசினி சோப்பால் பன்னிரண்டு தடவை கை கழுவினாள். எண்ணெய்க்கு முன் களிம்பு போக, களிம்புக்கு முன் எண்ணெய் போக, மிச்சமெல்லாம் ஒட்டுவாரொட்டி என்ற பயத்தில். சோப்பு கூடாதென்று டாக்டரும் வைத்தியரும் சொல்லவே இல்லையா என்று கேட்டேன்.

"சொன்னாங்களே, மருந்து போட்ட கையில சோப்பு படக்கூடாதுன்னு. நான் போடறதுக்கு முன்னாடிதானே கழுவறேன்?"

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

இரண்டு இடத்துக்கும் மறுபடி இழுத்துப் போனேன். இது யாருக்கும் ஒட்டாது, சோப்பும் ஈரமும்தான் எதிரி என்று டாக்டர் கடிதமே எழுதித் தந்தார். வைத்தியர் களிம்பைப் பார்த்துவிட்டு, முதலில் அதை முடியுங்கள், எண்ணெய் எங்கேயும் ஓடிப்போகாது என்றார்.

பார்லரில் கடிதத்தை நீட்டினோம். மேடம் வாங்கவில்லை. முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வரச் சொன்னார்.

சித்தி நகரவில்லை. "கழுவக் கூடாதாம், மேடம். கழுவிக் கழுவித்தான் இப்படி ஆச்சாம். நீங்களும் என்னைக் கைகழுவிடாதீங்க."

மேடம் கடிதத்தை இரண்டு முறை படித்தார். இரண்டு வாரத்துக்குத் தலை உலர்த்தும் வேலை மட்டும். பிறகு பருத்தி உறை, அதன் மேல் ரப்பர் உறை போட்டுக்கொண்டு அலசலாம் என்றார். "ஒட்டாதுல்ல?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுக் கைகூடக் குலுக்கினார்.

வெளியே வந்ததும் சித்தி குழாயைத் தேடினாள். எதற்கு என்றேன்.

"எத்தனை தலையைத் தொட்ட கையோ, யாருக்குத் தெரியும்?"