பெயர் பின்னர் அறிவிக்கப்படும்

ஆக்லாந்தின் ஆல்பனியில் பேருந்துக்காக நின்றிருந்தேன். நல்ல வெயில். தர்ஷினி அக்காவின் கணவர் அழைத்தார்.

"தம்பி, அவ போயிட்டா."

பிறகு அவரே கேட்டார். "அமெரிக்காவில இண்டைக்கு மேட்ச் ஏதும் இருக்கோ?"

"இல்லண்ணா. சீசன் முடிஞ்சிருச்சு."

"ஓம். அவவுக்குப் பிடிச்ச காலம்."

எங்கள் இணைய ஒலிபரப்பைக் கேட்டுவந்த உங்களுக்கு இது தெரியும். அமெரிக்கப் பேஸ்பாலைப் பற்றி, தமிழில், ஆக்லாந்திலிருந்து, வாரம் அரை மணி நேரம். ஆட்டங்களைவிட ஆட்டம் இல்லாத மாதங்களையே அக்கா விரும்பினார். அங்கே பனி, இங்கே கோடை. அணிகள் ஆட்டக்காரர்களைக் கைமாற்றும். மேனேஜர்களை வீட்டுக்கு அனுப்பும். அவர் டொரன்டோவில் வளர்ந்தபோது பழகிய ஆட்டம் அது. விரி பகுதியில் கிடங்கு வேலை முடித்து, கிளென் ஈடனில் தன் வீட்டுச் சமையலறை மேசையில் மைக்கை வைத்துக்கொண்டு உட்காருவார்.

பாஸ்டன் தன் பெரும் நட்சத்திரத்தை நியூயார்க்குக்கு விற்ற பழைய கதையைப் பேசிய வாரம். யாருக்கு லாபம் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அக்கா மறித்தார்.

"லாபத்தை விடு. அடுத்த சீசனுக்குப் பாஸ்டன் சனம் அதே கதிரையில போய் இருந்து, புதுசா வந்தவனுக்குக் கை தட்டோணும். அதை யோசிச்சியோ?"

நான் யோசித்திருக்கவில்லை.

இன்னொரு வாரம், இரண்டு அணிகள் தங்கள் மேனேஜர்களையே மாற்றிக்கொண்ட கதை. தேநீர் போட்டுக்கொண்டிருந்த கணவர் பக்கம் அக்கா திரும்பினார். "இஞ்சருங்கோ, இப்பிடியும் ஒரு வசதி இருக்காம்."

"ஓம் ஓம், போறன். அங்கயாவது ஆராவது எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தரட்டும்."

சென்ற குளிர்காலத்தில் அக்காவின் புற்றுநோய் நுரையீரலுக்கும் பரவிவிட்டது. உங்களுக்குச் சொல்லக் கூடாது என்றார். "காயம் எண்டு தெரிஞ்சா ஒரு டீமும் எடுக்க மாட்டினம்." பிறகு கேட்டார். "எனக்குப் பதிலா ஆரை எடுக்கப்போறாய்?"

பேஸ்பாலில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் அணி தன் ஆட்டக்காரரை இன்றே கொடுத்துவிடும். பதிலுக்கு வருபவர் யார் என்று முடிவாகவில்லையென்றால், 'பெயர் பின்னர் அறிவிக்கப்படும்' என்று ஒப்பந்தம் போடுவார்கள்.

அதையே சொன்னேன். சிரித்தார்.

அடுத்த வாரமும் கேட்டார். அதையே சொன்னேன். இம்முறை சிரிக்கவில்லை.

"விளையாடாத. நான் போனாப் பிறகு நீ மைக்கை மூடி வைச்சிட்டு அழுதுகொண்டு இருப்பாய். எனக்குத் தெரியும். நான் இருக்கேக்கயே பேரைச் சொல்லு."

பெயரைச் சொல்வது, அவரைக் கொடுத்துவிடுவது. அப்படித்தான் எனக்குப் பட்டது. நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். அவரால் எழுந்து நடக்க முடியாமல் போனது. அப்போதும் தள்ளிப்போட்டேன். உணவும் இறங்காமல் போனது.

சொன்னேன். கவிதா. எங்கள் ஒவ்வொரு தவறையும் பிடித்து வாராவாரம் எழுதும், ஆக்லாந்திலேயே வசிக்கும் மலேசிய நேயர்.

"உன்னோட சண்டை பிடிப்பாவோ?"

"பிடிப்பாங்க. இப்பவே பிடிச்சிட்டுதான் இருக்காங்க."

"அப்ப நல்ல டீல்."

கண்ணை மூடிக்கொண்டார். உறங்கினாரா தெரியாது. முகம் தளர்ந்திருந்தது.

கடந்த ஞாயிறு நீங்கள் கேட்டது அதன் பிறகு பதிவானது. படுக்கையில் சாய்ந்தபடி கவிதாவை அறிமுகம் செய்தார். "இவ கெட்டிக்காரி. இவவுக்குத் தட்டுங்கோ. எனக்குத் தட்டினது போதும்." உங்களில் பலர் எழுதினீர்கள். குரல் தெம்பாக இருக்கிறதே, ஏன் விலகுகிறார் என்று.

குரல் தெம்பாக இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு. நீளமாக, இழுத்து, சில இடங்களில் அடுத்த சொல் வருமா என்று நானும் கவிதாவும் ஒருவரையொருவர் பார்க்கும் அளவுக்கு.

"அதெல்லாத்தையும் வெட்டிப் போடு, சனம் பயப்படும்" என்றார்.

வெட்டினேன்.

வரும் ஞாயிறு கவிதா பேசுவார். அக்காவின் இடத்தில் அமர்ந்து, நான் சொல்வதை மறுப்பார். அக்காவின் பேச்சு முழுவதும் உங்களிடம் இருக்கிறது.

வெட்டிய மூச்சுகள் என்னிடம்.