முப்பத்தொன்றாம் எண் வீடு

இரண்டு ஊருக்கும் அவள் டோக்கன் அக்கா. அண்ணனுக்கு மட்டும், நாற்பத்து மூன்று வயதிலும், பாப்பா.

தண்டவாளத்துக்கு மேற்கே ஓர் ஊர், கிழக்கே ஓர் ஊர். ரயில்வே கேட்டை ஒட்டி இரண்டுக்கும் பொதுவாக ஒரு சின்ன ஆஸ்பத்திரி. தனித்தனியே நடத்தக் கட்டுப்படியாகாது என்று இரண்டு ஊர் சபைகளும் செலவைப் பகிர்ந்துகொண்டன. எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் வருகிறார்களோ, அதற்குத் தக்கபடி அந்த ஊரின் பங்கு. ஆகவே ஜன்னலில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறவள், காய்ச்சலா இருமலா என்று கேட்பதற்கு முன்பே விலாசத்தைக் கேட்டாக வேண்டும். பதினாறு வருஷமாக அவள் கேட்டு எழுதிவந்தாள். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்புதான். ஆனால் அவளுடைய பதிவேட்டில் ஓர் அடித்தல் திருத்தலைப் பார்க்க முடியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு நர்சு ஜன்னலுக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, நேத்து ஒரு எட்டு மாசக்காரி வந்தாளே, பிரஷர் கொஞ்சம் கூட இருந்துச்சு. இப்ப டெஸ்டும் மோசமா வந்திருக்கு. இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு டாக்டர் சொல்றாரு, இல்லன்னா ரெண்டு உயிருக்கும் ஆபத்தாம். போன் பண்ணினா எடுக்கவே மாட்டேங்குறா."

பதிவேட்டில் விலாசம் தெளிவாக இருந்தது. மேற்கு ஊர், பள்ளிக்கூடத் தெரு, கதவு எண் முப்பத்தொன்று. அண்ணன் குழாய் வேலை பார்க்கிறவன், அவன் கை படாத வீடு இரண்டு ஊரிலும் குறைவு. அவனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, பள்ளிக்கூடத் தெருவுல முப்பத்தொண்ணு எந்தப் பக்கம்?"

"அந்தத் தெரு இருபத்திரெண்டோட முடிஞ்சுபோச்சு பாப்பா. அதுக்கு மேல தேடினா வாய்க்கால்லதான் இறங்கணும்."

அவள் பின்பக்கங்களைப் புரட்டினாள். அதே தெருவில் இருபத்தைந்து, இருபத்தெட்டு, முப்பத்து நான்கு. இல்லாத வீடுகளிலிருந்தெல்லாம் ஆறு மாதமாக ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள். எல்லாம் அவள் கையெழுத்து, முத்து முத்தாக.

கண்ணை மூடி யோசித்தாள். முகம் நினைவுக்கு வரவில்லை, டோக்கனுக்கு நீண்ட கைதான் வந்தது. நகக்கண்ணெல்லாம் நீலம்.

"அண்ணா, ஒரு புள்ளத்தாச்சிய உடனே தேடிப் பிடிக்கணும். துணிக்கு நீலம் போடுற கை."

"கிழக்கே, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி ஒரு சலவைக் கடை இருக்கு. அங்க குழாய் மாட்டினதே நான்தான். வாசல்ல நில்லு, வண்டிய எடுத்துட்டு வர்றேன்."

கேட் மூடியிருந்தது. நாற்பத்தெட்டுப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஒரு சரக்கு ரயில் நிதானமாகப் போயிற்று. "இதுக்கும் இன்னைக்குத்தான் நாள் கிடைச்சுதா" என்று அண்ணன் பல்லைக் கடித்தான்.

அந்தப் பெண் இஸ்திரி மேசையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். டோக்கன் அக்காவைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, வேணும்னு பொய் சொல்லல. எங்க சபையில ஒருத்தர், தும்மினாக்கூட ஆஸ்பத்திரிக்கு ஓடுறீங்க, ஊருக்குச் செலவு ஏறுதுன்னு சத்தம் போட்டாரு. அதுலேருந்து எங்க ஆளுங்க எல்லாருமே அந்தப் பக்கத்து விலாசந்தான் சொல்றோம்."

"விலாசம் கெடக்கட்டும். தலை வலிக்குதா?"

"காலையிலேருந்து. கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது."

அண்ணன் அதற்குள் ஓர் ஆட்டோவை மடக்கிவிட்டான். பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் டோக்கன் அக்கா அவள் தோளை விடவில்லை. சாயங்காலம் ஆபரேஷனில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோவுக்கும் குறைவு. ஆனாலும் தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் இரண்டு சபைகளும் சேர்ந்து கூடும் கூட்டம். உண்மையைச் சொன்னால் மேற்கு ஊர்க்காரர்கள் கோபித்துக்கொண்டு விலகலாம், ஆஸ்பத்திரியே மூடப்படலாம்.

"சொல்லாம விட்டுட்டா என்ன?" என்றான் அண்ணன்.

"அடுத்த தடவை வர்றவ கையில நீலம் இல்லன்னா எப்படிண்ணா கண்டுபிடிப்பேன்?"

கூட்டத்தில் எழுந்து நின்று ஒன்று விடாமல் சொன்னாள். மேற்கு ஊர் சபைத் தலைவர் மரக்கடைக்காரர், ஓர் ஆணிக்குக்கூடப் பேரம் பேசுகிறவர். பதிவேட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"அப்ப உங்க ஊர் இருமலுக்கெல்லாம் இத்தனை நாளா நாங்கதான் படியளந்திருக்கோம்" என்றார் கிழக்குப் பக்கம் திரும்பி. பிறகு பதிவேட்டை மூடினார். "போகட்டும், அதனால நாங்க ஒண்ணும் நடுத்தெருவுக்கு வந்துடல. ஆனா அந்தப் பொண்ணு போயிருந்தா, அத எந்த ஊர்ப் பங்குல சேர்க்கிறது?"

கிழக்கு வரிசையில் ஒருவர் மெல்ல எழுந்தார். "தும்மல் பேச்சு பேசினது நான்தான். இனிமே வர்றவங்கள எண்ண வேண்டாங்க. ஊர்ல குடியிருக்கிற தலைய எண்ணிப் பங்கு போடுவோம். வந்தாலும் வராட்டியும் ஒரே செலவுன்னு ஆயிடட்டும்."

அப்படியே முடிவாயிற்று. அந்த இருவரையும் நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் கை கூப்பத் தோன்றும்.

அண்ணனை இப்போது குழாய்க்காரர் என்று யாரும் சொல்வதில்லை. "நீங்க டோக்கன் அக்காவோட அண்ணனா?" என்று கேட்கிறார்கள். கேட்ட வீட்டில் குழாய் மரையை இன்னொரு சுற்று அழுத்தி முடுக்கிவிட்டு வருகிறான்.

சலவைக்காரி போன வாரம் குழந்தைக்கு ஊசி போட வந்தாள். பங்குக்குத் தேவையில்லை என்றாலும், ஆளைத் தேடிப் பிடிக்க விலாசம் வேண்டுமே.

"கிழக்கு, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி, சலவைக் கடை மாடி. பச்சைக் கதவு. தட்டினா காதுல விழாதுக்கா, பேர் சொல்லிக் கூப்பிடணும்."

கட்டத்துக்குள் அடங்கவில்லை. டோக்கன் அக்கா ஓரத்தில் பொடி எழுத்தில் பச்சைக் கதவையும், கூப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதிக்கொண்டாள்.