எக்ஸ்சேஞ்சு பொன்னழகு

என் மனைவி பொன்னழகுவைப் பற்றி எழுதினால் கொஞ்சம் தூக்கித்தான் எழுதுவேன். பிடிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கண்டனூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவள் ஆபரேட்டர், நான் லைன்மேன். யார் யாரோடு பேச வேண்டுமென்றாலும் அவள்தான் லைன் போட்டுத் தர வேண்டும். எழுபத்திரண்டில், தானாகவே லைன் போடும் எந்திரம் வந்து இறங்கியது. ஒரு காலையில், அவள் கையால் லைன் போட்டுவந்த பழைய போர்டைக் கழற்றிவிட்டு அதை ஓட்டினோம். எங்கே ரிசீவரை எடுத்தாலும் சத்தமே இல்லை. ஊர் முழுக்க டெலிபோன் ஊமையாகிவிட்டது.

மதியத்துக்குள் எக்ஸ்சேஞ்சு வாசலில் கூட்டம். ஜவுளிக்கடை வைரவன் எல்லார் காதிலும் விழும்படி கத்தினார்: "வேலை போகப்போகுதுன்னு அந்தப் பொம்பளதான் என்னத்தையோ புடுங்கி விட்டிருக்கா!"

எனக்கு ரத்தம் கொதித்தது. வெளியே பாயப் பார்த்தேன். பொன்னழகு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

மதுரையிலிருந்து வந்திருந்த எஞ்சினியர், "சாயங்காலத்துக்குள்ள சரியாகலேன்னா பழைய போர்டையே மாட்டிடலாம்மா" என்றார். மாட்டினால் அவள் வேலை அப்படியே இருக்கும். ஆனால் பேர் கெட்டுப்போகும். வைரவன் சொன்னதுதான் உண்மை என்று ஊர் நம்பிவிடும்.

"வேணாம் சார். வேலை போனாப் போகட்டும், இது இன்னைக்கு ஓடியாகணும். எங்க நிக்குதுன்னு பாருங்க" என்றாள்.

அவர் எந்திரத்தை வரிசை வரிசையாகப் பார்த்துவிட்டு, "பேசுற வழி எல்லாத்தையும் யாரோ ரிசீவரை எடுத்த மாதிரியே பிடிச்சுக்கிட்டு நிக்குது. ஆனா ஒருத்தரும் பேசலியே" என்றார்.

பொன்னழகு சிரித்துவிட்டாள். "ஆளில்லாத வீடுகதான் சார் எடுத்திருக்கு!"

எங்கள் ஊரில் பாதிப் பெரிய வீடுகள் கல்யாணத்துக்குத்தான் திறக்கும். பூட்டின வீட்டுக்குள் மணி அடிப்பது ஆகாது என்று, கிளம்பும்போது ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் போவார்கள். பழைய போர்டில் அவள் அதைக் கண்டுகொள்ள மாட்டாள். எந்திரத்துக்கு அதெல்லாம் தெரியுமா? யாரோ பேச எடுத்திருக்கிறார்கள் என்று நம்பி, இருந்த கொஞ்ச வழியையெல்லாம் அந்த வீடுகளுக்கே கொடுத்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தது.

எஞ்சினியர் மேசையைத் தட்டினார். "அதான்! அந்த லைனையெல்லாம் பிரிச்சு விடுங்க."

அவள் வீடு வீடாகச் சொல்லச் சொல்ல நான் கழற்றினேன். ஒவ்வொன்றுக்கும் எந்திரத்தில் ஒன்று 'டக்'கென்று விடுபட்டது. ரிசீவரை எடுத்தேன். கொர்ரென்று சத்தம்! எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது.

ஒன்று மட்டும் விடுபடவில்லை. யாருடையது என்று பார்த்தால், வைரவன் கடை லைன். சத்தம் வராத கோபத்தில் ரிசீவரைத் தொங்கவிட்டுவிட்டு இங்கே கத்த வந்திருக்கிறார் மனிதர்! வாசலுக்குப் போய் அதை உரக்கவே சொன்னேன். கூட்டம் சிரித்தது. அவர் கடைக்கு ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் எக்ஸ்சேஞ்சில் மணி அடித்தது. பொன்னழகு எடுத்தாள். பக்கத்தில் நின்ற எனக்கே அந்தக் குரல் கேட்டது.

"ஆத்தா, வைரவன் பேசுறேன். தெரியாமச் சொல்லிப்புட்டேன், மனசுல வச்சுக்கிறாதீக."

"அதை ஊரு முன்னாடி சொன்னீகல்ல, அண்ணே? இதையும் ஊரு முன்னாடியே வந்து சொல்லுங்க. கூட்டம் இன்னும் கலையல" என்று சொல்லி ரிசீவரை வைத்தாள்.

அவர் வந்து சொன்னார்.

இனி இங்கே ஆபரேட்டருக்கு வேலையில்லை என்று அடுத்த மாதம் பொன்னழகுவைச் சிவகங்கைக்கு மாற்றினார்கள். தலை நிமிர்ந்து பஸ் ஏறினாள். வழியனுப்பப் போன எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.